பழைய டெஸ்க்டாப்பை மாற்ற வேண்டுமா? மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது ஸ்லோ? ஆன் செய்ததும் முதல் பத்து நிமிடமா? பிரவுசரில் இருபது டேப் சேர்ந்த பிறகா? வீடியோ ஓடும்போதா? அரை மணி நேரம் ஓடி, பெட்டி சூடான பிறகா? "எப்பவுமேதான்" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இருக்காது. ஏதோ ஒரு வேளையில், ஏதோ ஒரு வேலையில்தான் திணறும். அந்த வேளையைப் பிடித்துவிட்டால் பாதி முடிவு கைக்கு வந்த மாதிரி.

கணினியின் வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்து வருடப் பெட்டி ஒரே ஒரு மாற்றத்தோடு இன்னும் நாலைந்து வருடம் ஓடுவதுண்டு. ஐந்து வருடப் பெட்டியில் கொட்டிய காசு வீணாவதும் உண்டு. கணக்குப் போடும் ப்ராசஸர், ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம், கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க், திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் என்று நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. ஒருவர் தாமதித்தால் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தாமதிப்பவரை விட்டுவிட்டு, நிற்பவரை மாற்றி என்ன பயன்? பலர் செய்வது அதைத்தான்.

விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். திரையில் வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன், தேடுவதற்கு வசதியாக இருக்கும்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். மெதுவாக ஓடும் கணினிகளில் சில, சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கோடு இருக்கும். ஆராய்ச்சியை எல்லாம் நகல் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஃபோனில் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறந்து ஒரு பக்கம் முழுதாக வரும் வரை எத்தனை நொடி? ஒரு தாளில் தேதியோடு குறித்து வையுங்கள். நீங்கள் அடிக்கடி திறக்கும் பெரிய கோப்பு ஒன்றுக்கும் அதே கணக்கு. பிறகு எதை மாற்றினாலும் "கொஞ்சம் வேகமா இருக்கிற மாதிரிதான் தெரியுது" என்று மழுப்பாமல் இருக்க இந்தத் தாள் உதவும்.

படி 1: ரீஸ்டார்ட், சும்மா இல்லை

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. தினமும் அணைத்துப் போடுகிறவர் கணினியில்கூட, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரின் சிபியு (ப்ராசஸர்) பக்கத்தில் 'அப் டைம்' என்ற இடத்தில் முப்பது நாற்பது நாள் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ஒருமுறை ரீஸ்டார்ட்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், கூடவே எழுந்து வரும் பட்டியலைப் பாருங்கள். எப்போதோ வாங்கிய பிரின்டரின் உதவி மென்பொருள், மறந்துபோன சாட் செயலி, இரண்டாவது ஆன்டிவைரஸ் என்று கூட்டமே இருக்கும். தெரியாததைத் தொட வேண்டாம், தெரிந்து தேவையில்லாததை 'டிசேபிள்' செய்யுங்கள். சி டிரைவில் காலி இடம் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கொஞ்சம் காலி செய்யுங்கள். இதிலேயே சரியாகிவிட்டால் மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

படி 2: திணறும்போது பார்ப்பது

இதுதான் முக்கியமான படி. மூன்று நாள் வழக்கம்போல வேலை செய்யுங்கள். எப்போதெல்லாம் எரிச்சல் வருகிறதோ, அந்த நொடியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். திணறல் முடிந்த பிறகு திறந்து பார்த்தால் எல்லாம் சாதுவாக இருக்கும், எதுவும் தெரியாது. எரிச்சலோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். கீழே சொல்லும் நாலில் எது மாட்டியது என்று ஒவ்வொரு முறையும் அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள்.

முதலில் டிஸ்க். பழைய டெஸ்க்டாப்பில் நான் பார்த்த வரையில் அதிகமாக மாட்டுவது இதுதான். 'ஆக்டிவ் டைம்' 100 சதவீதம் என்று நிற்கும். கீழே படிக்கும் வேகம் மட்டும் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று இருக்கும். பலருக்குக் குழப்பம் இங்கேதான்: இவ்வளவு கொஞ்சமாகப் படிக்கும் டிஸ்க் எப்படி முழு வேலையில் இருக்க முடியும்?

சுழலும் ஹார்டு டிஸ்க்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். டெஸ்க்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. கேட்ட துண்டு தலைக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன் தலை சரியான வளையத்துக்கு நகர 8, 9 மில்லிநொடி. ஆக ஒரு துண்டுக்கு 12, 13 மில்லிநொடி. நொடிக்கு எண்பது துண்டுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 320 கேபிதான்! பெரிய திரைப்படக் கோப்பை வரிசையாகப் படிக்கச் சொன்னால் இதே டிஸ்க் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் தரும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் கேட்கப்படுவது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஊசி முனை போன்ற ஒரு தலை, மூலைக்கு மூலை ஓடி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறது. காதைக் கிட்டே வைத்தால் 'கரகர' என்று கேட்கும். அந்த ஓட்டத்தின் சத்தம்தான் அது.

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; அதில் ஓட்டமே கிடையாது. ஒரு துண்டுக்கு ஆகும் நேரம் 0.1 மில்லிநொடி அளவில் இருக்கும். அதனால்தான் பழைய பெட்டியில் எஸ்எஸ்டி போட்டவர்கள் "புதுக் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்கிறார்கள். மிகையாகச் சொல்லவில்லை.

அதே பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒன்று இருக்கும். திணறும்போது அது நூற்றுக்கணக்கான மில்லிநொடியில் நின்றால் டிஸ்க்கில் வரிசை நீண்டு கிடக்கிறது என்று பொருள்.

ஆனால் உடனே டிஸ்க்கைத் தண்டித்துவிடாதீர்கள். ரேம் போதாவிட்டாலும் இதே காட்சிதான் வரும். இடம் இல்லாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி, பிறகு திரும்ப எடுத்து அல்லாடும். பார்க்கிறவருக்கு டிஸ்க் குற்றவாளி மாதிரி தெரியும். எனவே 'மெமரி' பக்கத்தையும் அதே நேரத்தில் பாருங்கள்.

அங்கே 70, 80 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது என்றுதான் பொருள். பார்க்க வேண்டியது 'கமிட்டெட்' என்ற எண்; ஓடும் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கிய நினைவகம் முதலிலும், அதன் உச்ச வரம்பு அடுத்தும் இருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் '11.6/13.2' என்று இருந்து, டேப் மாற்றும்போதெல்லாம் டிஸ்க் விளக்கு மூச்சு விடாமல் எரிந்தால் ரேம் பற்றவில்லை. முதல் எண் 6 என்று இருந்தால் ரேம் வாங்கி ஒரு பயனும் இல்லை. இருக்கிற 8 ஜிபியையே நிரப்பாதவர் 32 ஜிபி போட்டால் என்ன வேகம் வந்துவிடும்?

இங்கே ஒரு பொறி. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் வரும் 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 32 பிட் விண்டோஸ் என்று இருந்தால், நீங்கள் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது. அதிலும் கைக்கு வருவது மூன்று, மூன்றரைதான். முதலில் 64 பிட் விண்டோஸை நிறுவ வேண்டும், ரேம் பிறகு.

அடுத்து ப்ராசஸர். மொத்தம் 25 சதவீதம் என்று காட்டினால் சும்மா இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து 'லாஜிகல் ப்ராசஸர்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். நாலு கட்டத்தில் ஒன்று மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு, மற்ற மூன்றும் தரையில் கிடந்தால், அந்த மென்பொருள் ப்ராசஸருக்குள் தனித்தனி வேலையாட்கள் மாதிரி இருக்கும் கோர்களில் ஒன்றை மட்டும் பிழிகிறது. கோர் எண்ணிக்கை கூடிய ப்ராசஸர் வாங்கினாலும் அதற்கு உதவாது.

'பேஸ் ஸ்பீட்' என்றும் 'ஸ்பீட்' என்றும் இரண்டு எண் இருக்கும். நல்ல வேலையில் இருக்கும்போது ஸ்பீட், பேஸ் ஸ்பீடைவிட நன்றாகக் கீழே விழுந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். பல இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். வெப்பநிலையை டாஸ்க் மேனேஜர் சொல்லாது. ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருள் சொல்லும். மருந்து: பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுப்பது. ப்ராசஸருக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்குக்கும் நடுவே பல வருடமாகக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுவது. பெரிதாகக் காசு செலவாகாத அப்கிரேட் இது. ஹீட்சிங்க்கின் இடுக்கில் கம்பளி மாதிரி அடைந்திருக்கும் தூசியைப் பார்த்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். எனக்கு இருந்தது.

வீடியோ மட்டும் திக்குகிறதா? 'ஜிபியு' பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற வரைபடத்தைப் பாருங்கள். வீடியோ ஓடும்போது அது பூஜ்யத்திலேயே கிடந்து, ப்ராசஸர் 90 சதவீதம் என்று மூச்சு வாங்கினால், இன்றைய வீடியோ வடிவம் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரியாது, அந்த வேலையும் ப்ராசஸர் தலையில் விழுகிறது என்று பொருள். இன்டெல்லில் விபி9 வடிவம் முழுதாக வன்பொருளில் வந்தது 7ஆம் தலைமுறையில், ஏவி1 வந்தது 11ஆம் தலைமுறையில். தரத்தை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். பழைய சிப்புகளுக்கும் தெரிந்த எச்264 வடிவத்தையே கேட்டு வாங்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும் உண்டு. இரண்டும் போதவில்லை என்றால்தான் கிராஃபிக்ஸ் கார்டு.

நாலும் சாதுவாக இருந்தும் வலைப்பக்கங்கள் மட்டும் நகரவில்லையா? அதே பக்கத்தை ஃபோனில், அதே வைஃபையில் திறந்து பாருங்கள். அங்கேயும் தள்ளாடினால் கணினியை விட்டுவிட்டு ரௌட்டரைப் பாருங்கள்.

படி 3: டிஸ்க்கின் உடம்பு

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகள் தெரியும். பட்டியல் நீளமாக இருக்கும். மூன்று வரி போதும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். இந்த இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5இல் ஏதாவது எண் இருந்து அது நாளுக்கு நாள் ஏறினால், வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே டிஸ்க்கை மாற்றுங்கள்.

மூன்றாவது சி7. இதை நான் தெரிந்துகொண்டது காசு கொடுத்து. அவ்வப்போது சில நொடி உறைந்து நிற்கும் கணினிக்கு டிஸ்க்தான் காரணம் என்று புதிது வாங்கிப் போட்டேன். மறுநாளும் அதே உறைச்சல். பிறகுதான் பழைய டிஸ்க்கின் குறிப்பை நிதானமாகப் படித்தேன்: 05 பூஜ்யம், சி5 பூஜ்யம், சி7 மட்டும் ஆயிரக்கணக்கில். சி7 என்பது டிஸ்க்குக்கும், எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையான மதர்போர்டுக்கும் நடுவே வரும் வழியில் கெட்ட தகவல்களின் எண்ணிக்கை. அதாவது டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டிருந்தது. கேபிளை மாற்றியதும் சரியானது. இந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது, எனவே இன்று என்ன, ஒரு வாரம் கழித்து என்ன என்று ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கூடவே ஒன்று: அணைத்து வைத்துத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கு ஓடினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். அதற்காக யாரும் கணினியை மாற்ற வேண்டாம்.

படி 4: வேகமாக இருந்தாலும் தவிர்க்க முடியாத கேள்வி

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் பிறகு கணினி ஓடும், ஓட்டைகள் அடைக்கப்படாது. வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அதில் திறக்கிறவருக்கு இது வேகத்தைவிடப் பெரிய விஷயம்.

விண்டோஸ் 11 கேட்பது: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), பிறகு ஆதரவுப் பட்டியலில் உள்ள ப்ராசஸர். சில விதிவிலக்கு தவிர இன்டெல்லில் 8ஆம் தலைமுறையும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையும்தான் தொடக்கம். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலி ஒரே நிமிடத்தில் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று சொன்னால் மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். பல மதர்போர்டுகளில் அது இருந்தும் அணைக்கப்பட்டிருக்கும். பயாஸில் (அந்தத் தொடக்க மென்பொருளின் அமைப்புத் திரையில்) இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடி இயக்கிப் பாருங்கள்.

ப்ராசஸரே பட்டியலில் இல்லாவிட்டால்? தடையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவும் வித்தைகள் உண்டு. சொந்த ஆய்வுக்குச் சரி, வீட்டில் மற்றவர்கள் நம்பியிருக்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன். அடுத்த பெரிய அப்டேட்டில் கைவிட்டுவிட்டால் யாரிடம் கேட்பது? கோர் 2 டுவோ காலத்துப் பெட்டிகளில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது, அதற்கு வேண்டிய கட்டளைகள் அந்த ப்ராசஸர்களில் இல்லை. வேலை எல்லாம் பிரவுசரிலேயே முடிகிறவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் நல்ல வழி. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் சௌகரியம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. பிரின்டர், வைஃபை, தமிழ்த் தட்டச்சு மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: வாங்குவது, வாங்காமல் விடுவது

தாளில் இருக்கும் மூன்று நாள் குறிப்பைப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் மாற்றுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் பழைய பெட்டிக்கு 2.5 அங்குல சாட்டா வகையே போதும். மதர்போர்டு சாட்டா 2 காலத்தது, பாதி வேகம்தான் வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தெரியும். நமக்கு வேண்டியது அந்த 12 மில்லிநொடி ஓட்டம் ஒழிவது, அது எந்த சாட்டாவிலும் ஒழியும். இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்க ஆசைப்பட்டால் மதர்போர்டு கையேட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். அது இறங்கும் எம்.2 துளை இருந்தும் சாட்டா வகையை மட்டும் ஏற்கும் போர்டுகள் இருக்கின்றன. என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆகத் தெரியாத பழைய பயாஸ்களும் இருக்கின்றன.

ரேம் என்றால் வகை பொருந்த வேண்டும். டிடிஆர்3க்கு 240 முனை, டிடிஆர்4க்கு 288. வெட்டுக்குறி இருக்கும் இடமும் வேறு, எனவே ஒன்று மற்றதில் இறங்காது; அழுத்திப் பார்க்காதீர்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்ற இடத்தில் எத்தனை துளை காலி என்று தெரியும். ஒரு பெரிய துண்டைவிட, ஒரே மாதிரியான இரண்டு துண்டு நல்லது. இரண்டு பாதையில் தகவல் போகும். ஒரு எச்சரிக்கை: பழைய சந்தையில் நம்ப முடியாத மலிவில் கிடைக்கும் சர்வர் ரேம் சாதாரண டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது. மலிவுக்குக் காரணமே அதுதான்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். மதர்போர்டின் துளை வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி ஆறு முனை அல்லது எட்டு முனை வயர் வேண்டும், பல அலுவலகப் பெட்டிகளில் அது இருக்காது. ஒல்லிப் பெட்டி என்றால் கார்டின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

ப்ராசஸர்தான் தடை என்று தெரிந்தால் கதை வேறு. அதே மதர்போர்டில் உட்காரும் இன்னும் நல்ல ப்ராசஸர் பழைய சந்தையில் கிடைத்தால் ஒருவேளை சரி. இல்லாவிட்டால் புது ப்ராசஸருக்குப் புது மதர்போர்டு, அதற்குப் புது ரேம், சிலசமயம் எஸ்எம்பிஎஸ், புது விண்டோஸ் உரிமம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மிச்சம் நிற்பது தகரப் பெட்டியும் கீபோர்டும்தான். என் வழக்கம் இது: ஒரு பொருள் மாற்றினால் தீரும் என்றால் மாற்றுவேன், இரண்டு என்றால் யோசிப்பேன், மூன்று என்றால் அந்தக் காசைத் தொடாமல் புதுக் கணினிக்கு ஒதுக்கிவிடுவேன். அதுவரை பழையது அதன் போக்கில் ஓடட்டும்.

மூன்று நாளும் எரிச்சலே வரவில்லை, படி 4லும் சிக்கல் இல்லை என்றால் எதையும் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் கணினி ஒரு காரணம் ஆகாது.

எஸ்எஸ்டி போட்டவர்கள் பழைய ஹார்டு டிஸ்க்கை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள். இரண்டு வாரம் அப்படியே எடுத்து வையுங்கள்; நகலில் விடுபட்ட ஏதோ ஒரு கோப்பு கட்டாயம் ஞாபகத்துக்கு வரும். பிறகு ஸ்டாப்வாட்சை எடுத்து, முதல் நாள் கணக்குக்குப் பக்கத்தில் புதுக் கணக்கை எழுதுங்கள். என் பெட்டியில் 3 நிமிடம் 40 நொடி என்று இருந்தது 35 நொடிக்கு வந்தது. உங்களுடையது பாதிகூடக் குறையவில்லை என்றால் நாம் பிடித்தது தவறான ஆள். கேபிளைச் சரிபார்த்துவிட்டு மறுபடி படி 2இலிருந்து தொடங்குங்கள்.